இரட்டைக் குழல் ஜாவாவுக்குப் புது சைலன்ஸர்

கேள்வி: பழைய ஜாவா 250 மோட்டார் சைக்கிளுக்கு அச்சு அசலாகத் தெரியும் புது சைலன்ஸர் ஜோடி போட்டேன். சத்தம் கூடி, இழுவை போய்விட்டதே?

பதில்: கூடு அசல்தான், கோளாறு உள்ளே. டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் சைலன்ஸரிலிருந்து திரும்பி வரும் அழுத்த அலைதான் புதுப் பெட்ரோல்-காற்றுக் கலவை வீணாக வெளியேறாமல் தடுக்கிறது. சைலன்ஸருக்குள் சத்தத்தை அடக்கும் பேஃபிள் குழாயின் நீளமோ துளைகளோ மாறினால் அந்த அலை கெடும். பழைய பேஃபிளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்! உருவி எடுத்து, புதியதன் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். பொருந்தாவிட்டால், பழையதைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்துக் கரியைச் சுரண்டி, அதையே போடலாம். கையுறை அவசியம்; அலுமினியத்தில் கரைசல் படக்கூடாது.

மாட்டும்போது சைலன்ஸரை வண்டியோடு பிடிக்கும் பிராக்கெட்டின் போல்ட்டைத் தளர்வாக விட்டு, புகைக்குழாயைச் சிலிண்டரோடு இணைக்கும் நட்டை முதலில் இறுக்குங்கள். மாற்றிச் செய்தால் பிராக்கெட் வெல்டிங் விரிசல் விடும். முதல் ஓட்டம் முடிந்து ஆறியதும் நட்டை மறுபடி இறுக்குங்கள்.