மதுரையில் வீடு, வெளியூரில் வேலை: பராமரிப்பு நிறுவனமா, வேலைக்கு வேலை கூலியா?

கேள்வி: பெங்களூரில் வேலை பார்க்கிறேன். மதுரை கோமதிபுரத்தில் அப்பா கட்டிய வீடு இருக்கிறது. கீழ்ப்போர்ஷனுக்கு 11,000, மாடிக்கு 9,000 வாடகை. அப்பா காலமான பிறகு பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஒரு நிறுவனம் மாத வாடகையில் 10 சதவீதமும், புதிதாகக் குடிவைத்தால் ஒரு மாத வாடகையும் கேட்கிறது. அதற்குப் பதிலாக ஏரியாவில் தெரிந்த ஆட்களை வைத்து, வேலைக்கு வேலை காசு கொடுத்துச் சமாளிக்க முடியுமா?

பதில்: முடியும். இரண்டு போர்ஷனுக்கு நிறுவனம் தேவையில்லை என்பதுதான் என் கருத்து. நீங்கள் சொன்ன கணக்குப்படி வருடத்துக்கு 24,000 ரூபாய் போகும். குழாய் உடைந்தால் பெரும்பாலும் பிளம்பர் கூலி அதற்கு மேல் தனி. அவர்கள் அனுப்பப்போவதும் அதே ஏரியா பிளம்பரைத்தான்.

ஆனால் வேலைக்கு வேலை கூலி என்பதில் ஒரு ஓட்டை உண்டு. வேலை இருந்தால்தான் காசு என்றால், வேலை வந்துகொண்டே இருக்கும். பிளம்பரையே போய்ப் பார்த்துச் சொல்லச் சொன்னால், “எல்லாம் சரியாத்தான் இருக்கு சார்” என்று சொல்லிவிட்டு அவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். யார் சொல்வார்கள்? அதனால் பார்ப்பவர் வேறு, செய்பவர் வேறு என்று பிரித்துவிடுங்கள். பார்ப்பவருக்குப் போய்ப் பார்த்ததற்காகவே கூலி. 200, 300 என்று பேசிக்கொள்ளுங்கள். பழுது ஒன்றுமில்லை என்று சொன்னாலும் அதே காசு, அன்றைக்கே ஜிபேயில் போய்விட வேண்டும். மாதம் ஒரு தரம் என்றால்கூட வருடத்துக்கு 3,600 ரூபாய்க்கு மேல் ஆகாது.

அந்த ஆள் யார் என்பதில்தான் கவனம் வேண்டும். அப்பாவின் நண்பர், பக்கத்து வீட்டு மாமா என்றுதான் முதலில் தோன்றும். அவர் காசு வாங்க மாட்டார். “இதுக்குப் போயி காசாப்பா?” என்பார். மூன்றாவது முறை நீங்கள் கூப்பிடத் தயங்குவீர்கள், அவரும் நாளைக்குப் பார்க்கிறேன் என்பார். கூச்சமில்லாமல் காசு வாங்குகிறவரே நல்லது. தெருமுனை இஸ்திரிக்கடைக்காரர், தையல்காரர் மாதிரி ஆட்கள் பொருத்தமாக இருப்பார்கள். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், எத்தனை பேர் கூடுதலாக வந்து தங்கியிருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தானாகவே தெரியும். வீட்டுக்குள் போக வேண்டுமென்றால் மட்டும் குடியிருப்பவருக்கு 24 மணி நேரம் முன்பே வாட்ஸ்அப்பிலாவது தகவல் கொடுத்துவிடுங்கள். 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டம் அதைக் கேட்கிறது.

பழுது என்று போன் வந்ததும் ஆளை அனுப்பிவிடாதீர்கள். “மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல” என்பது மாடிப்போர்ஷன்காரர்கள் அடிக்கடி சொல்லும் புகார். சம்ப்பில், அதாவது தரைக்கடித் தொட்டியில், தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். மாநகராட்சித் தண்ணீர் வராத நாளில் பாதிப் புகார் அங்கேயே முடிந்துவிடும். தண்ணீர் இருந்தும் ஏறவில்லை என்றால் காற்று அடைத்திருக்கலாம், உறிஞ்சுகுழாயின் அடியில் இருக்கும் ஃபுட்வால்வு கசியலாம். பம்ப்பில் தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சுற்றாமல் ‘ம்ம்ம்’ என்று உறுமினால் உடனே சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் கெப்பாசிட்டர் போயிருக்கும், சில நூறு ரூபாய் வேலை. இதெல்லாம் கேட்காமல் ஆளை அனுப்பி, அவர் “காயில் போச்சு சார், ரீவைண்டிங் பண்ணணும்” என்றால், தூரத்தில் இருக்கும் நீங்கள் சரி என்றுதான் சொல்வீர்கள். கழற்றிய பழைய பாகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும், உங்களுக்காகப் போய்ப் பார்ப்பவர் அதைப் போட்டோ எடுத்து அனுப்பிய பிறகே கூலி என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இதில் கோபித்துக்கொள்கிற எலக்ட்ரீஷியன் நமக்கு வேண்டாம்.

எந்தச் செலவு யாருடையது என்பதற்கு அதே சட்டத்தில் அட்டவணை இருக்கிறது. கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, வயரிங் உங்கள் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்சு, சாக்கடை அடைப்பு குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்திலும் இதை எழுதிக்கொண்டால் அழைப்புகள் பாதியாகக் குறையும்.

செப்டிக் டேங்க் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கவே கூடாது. லாரியைத்தான் கூப்பிட வேண்டும். “ஆள் இறங்கி அள்ளிடுவாங்க, கம்மியா முடியும்” என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரை இறக்குவது குற்றம். முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நான் பெங்களூரில் இருந்தேன், எனக்குத் தெரியாது என்று தப்பித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அதெல்லாம் இருக்கட்டும், உள்ளே இறங்கியவர் விஷவாயுவில் செத்துப்போகிறார்.

கூலிக்கு விடக்கூடாத வேலைகளும் உண்டு. வாடகை நேராக உங்கள் கணக்குக்கு வரட்டும். வாங்கிக் கொடுக்கும் வேலையை ஒருவரிடம் விட்டால், கொஞ்ச நாளில் குடியிருப்பவருக்கு அவர்தான் வீட்டுக்காரர். ஆள் தேடிக் கொடுப்பது புரோக்கர் வேலை, அதற்குக் காசு கொடுக்கலாம். ஆனால் யாரைக் குடிவைப்பது என்று முடிவு செய்வதும், வாடகை ஒப்பந்தத்தை எழுதி அரசின் இணையதளத்தில் பதிவு செய்வதும் உங்கள் வேலை. வீட்டு வரிக்கும் ஆள் வேண்டாம். ஆன்லைனில் ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டிவிட்டால் 5 சதவீதம் தள்ளுபடி.

இந்தத் தொல்லையே வேண்டாம், மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு வாடகையில்லாமல் ஒத்திக்கு விட்டுவிடலாம் என்று உறவில் யாராவது சொல்வார்கள். மாதாமாதம் வாடகைக்குக் காத்திருக்க வேண்டாம், உண்மைதான். ஆனால் மோட்டார் அப்போதும் ரிப்பேர் ஆகும். தொகையும் ஒருநாள் முழுசாகத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஒத்தி என்பது அடமானம், பத்திரம் பதிய வேண்டும். முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று நம்பாதீர்கள்.

காலி செய்கிறேன் என்று சொன்னால் மாதத்தைப் பாருங்கள். ஆனிக் கடைசியில் காலியானால் ஆடி முழுக்க வீடு பூட்டிக் கிடக்கும், யாரும் குடிவர மாட்டார்கள். கார்த்திகையில் காலியானால் மார்கழியும் அப்படித்தான். இப்படி விழுந்தால் அந்த மாதத்திலேயே வெள்ளையடிப்பையும் மராமத்தையும் முடித்துவிடுங்கள். சாவி வாங்கும் நாளுக்கு மட்டும் இரவு ரயில் ஏறி நீங்களே வாருங்கள். மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுத்து, மின்வாரியத்தின் தளத்தில் சர்வீஸ் நம்பரைப் போட்டு பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்பதால் கடைசிப் பயன்பாடு பில்லில் வந்திருக்காது, அதற்கும் கணக்குப் போடுங்கள். அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பது என்பதை அங்கேயே, இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசி முடித்துவிடுங்கள்.