லேபிலிருந்து யூஎக்ஸ் டிசைனுக்கு: கேள்வி பதில்

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையின் லேபில் ஆறு வருடம் இருந்தேன். இப்போது பெங்களூரில் யூஎக்ஸ் (யூசர் எக்ஸ்பீரியன்ஸ்) டிசைனர்; ஆப், வெப்சைட் எல்லாம் பயன்படுத்துபவருக்குச் சுலபமாக இருக்கும்படி வடிவமைக்கும் வேலை. வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இதோ.

எம்.எஸ்சி. வேதியியல் படித்தவள் நான். படம் வரையவே வராது. ஒத்துவருமா? (தர்மபுரி)

எனக்குக் கோலப்புள்ளியே நேராக வராது. இந்தத் துறையின் பெயரைப் பரப்பிய டான் நார்மன், மின்பொறியியல் படித்து உளவியலுக்குப் போனவர். 1993-இல் ஆப்பிளில் சேர்ந்தார். பட்டன் சிறிதாகவும் தள்ளியும் இருந்தால் விரல் போய்ச்சேர நேரமாகும் என்கிற ஃபிட்ஸ் விதியும் 1954-இல் ஓர் உளவியலாளர் சோதனை செய்து சொன்னதுதான்.

லேப் அனுபவத்தில் எது கைகொடுக்கும்? (ஓசூர்)

வாயை மூடிக்கொண்டு பார்ப்பது. ரிஃப்ராக்டோமீட்டர் கருவியில் ஒரு சொட்டுக் கூழை வைத்து பிரிக்ஸ், அதாவது இனிப்பின் அளவு, பார்க்கும்போது, வரவேண்டிய எண்ணை மனதில் வைத்திருந்தால் கண் அதையே படிக்கும். இங்கேயும் அதே தொல்லை. மாங்காய் மண்டி வைத்திருக்கும் சித்தப்பாவுக்காக ஒரு பில் ஆப் வரைந்தேன். எடை, விலை எல்லாம் போட்டவர் கடைசியில் நின்றுவிட்டார். 'சமர்ப்பி' என்ற பட்டன் கண்ணெதிரே இருக்கிறது. "அதை அழுத்துங்க சித்தப்பா" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அரை நிமிடம் கழித்து, "யாருக்கும்மா சமர்ப்பிக்கணும்?" என்றார். 'பில் போடு' என்று மாற்றினேன். அப்புறம் நிற்கவே இல்லை.

ஐந்து பேரிடம் சோதித்தால் போதும் என்கிறார்களே, அது அறிவியலா? (பாலக்கோடு)

எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. யூஎக்ஸ் ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் கணக்கு இது: ஒரு குறையில் ஒருவர் இடறுவதற்குச் சராசரி வாய்ப்பு 31 சதவீதம். ஐந்து பேரும் இடறாமல் தாண்ட 0.69-இன் ஐந்தாம் அடுக்கு, சுமார் 0.16. ஆக, 85 சதவீதக் குறைகள் சிக்கிவிடும். ஆனால் இது குறை தேடுவதற்கு மட்டும். எந்த வடிவம் எத்தனை சதவீதம் மேல் என்று அளக்க ஐந்து பேர் பத்தவே பத்தாது.

வேலை தேடும்போது காட்டும் போர்ட்ஃபோலியோவில் (செய்த வேலைகளின் தொகுப்பு) பெரிய ஆப் ஒன்றை அழகாக மாற்றி வைக்கலாமா?

வேண்டாம். சித்தப்பா கதை மாதிரி இரண்டு மூன்று வையுங்கள், முதலில் சொதப்பிய திரையோடு சேர்த்து.

வேலையை விட்டுவிட்டுக் கோர்ஸ் சேரலாமா? (கிருஷ்ணகிரி, பள்ளி ஆசிரியை)

விடாதீர்கள், டீச்சர். திரைகளை வரைய உதவும் ஃபிக்மா மென்பொருளை இலவசமாகவே பழகலாம். நான் கடன் வாங்கிச் சேர்ந்த இடத்தில் அதன் ஷார்ட்கட்களைத் தவிர வேறெதுவும் சொல்லித்தரவில்லை. அந்தக் காசுக்கு ஒரு கறவை மாடு வாங்கியிருக்கலாம் என்று அம்மா இன்றும் சொல்லிக்காட்டுகிறார்.