நாள் தண்டல், செல்போன் கடன், குழு லோன்: எல்லையோர வாசகர் கேள்விகள்

ஓணச் செலவு முடிந்த கையோடு வட்டிக் கேள்விகள் வரிசை கட்டி வந்துவிடும். இந்த முறையும் அப்படித்தான்.

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் இட்லிக் கடை வைத்திருக்கிறேன். பொள்ளாச்சியிலிருந்து பைக்கில் வந்து தண்டல் பிரிப்பவரிடம் 10,000 ரூபாய் வாங்கினேன். கைக்கு வந்தது 8,500. தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "நூத்துக்குப் பதினஞ்சுதானே" என்கிறார். இரண்டு நாள் தவறினால் கடை வாசலில் நின்று கத்துகிறார். போலீஸ் என்றால், "நான் தமிழ்நாட்டு ஆள், கேரளா சட்டம் என்னை ஒண்ணும் பண்ணாது" என்கிறார். வெற்று செக் ஒன்றும் அவர் கையில் இருக்கிறது.

நூற்றுக்குப் பதினைந்து இல்லை, அம்மா. 10,000 ரூபாய் ஒரு நாள்கூட உங்கள் கையில் இருந்ததில்லை. ஐம்பதாம் நாளில் 5,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்திருப்பீர்கள். ஆனால் 1,500 ரூபாய் வட்டியை அவர் முதல் நாளே பிடித்துக்கொண்டார். குறைந்துகொண்டே வரும் அசலுக்குக் கணக்குப் போட்டால் ஆண்டுக்குச் சுமார் 120 சதவீதம் வருகிறது. உங்கள் தண்டல் அட்டையை எடுத்துப் பாருங்கள். முதல் வரியில் 10,000 என்றுதான் எழுதியிருக்கும். 8,500 என்ற எண் எங்கேயும் இருக்காது. என்னிடம் வந்த அத்தனை அட்டைகளும் அப்படித்தான் இருந்தன.

சட்டம் தொடாது என்பது பொய். கடன் கொடுத்ததும் பிரிப்பதும் கேரளத்தில். 1958-ஆம் ஆண்டின் கேரள வட்டித்தொழில் சட்டப்படி இங்கே தொழில் செய்ய உரிமம் வேண்டும். வணிக வங்கிகளின் அதிகபட்ச வட்டிக்கு மேல் 2 சதவீதம்தான் கூடுதலாக வாங்கலாம். அதற்கும் மேல் கொள்ளை வட்டியைத் தடை செய்யும் 2012-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. எல்லையைத் தாண்டி ஓடினாலும் தப்ப முடியாது. தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடுக்கிறது. 3 ஆண்டு வரை சிறை. இன்னொன்று: "இது எங்க ஸ்டேஷன் எல்லையில்லை" என்று எந்த ஸ்டேஷனும் உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் புகாரைப் பதிய வேண்டும் என்று 2024 ஜூலை முதல் சட்டத்திலேயே இருக்கிறது.

எனக்குக் கவலை அந்தச் செக்தான். கையெழுத்துப் போட்ட வெற்று செக்கில் தொகையை அவரே நிரப்பினாலும், அது கடனுக்காகக் கொடுத்தது என்றே கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். இன்றே செக் எண்ணைக் குறித்து, எந்தக் கடனுக்கு எப்போது கொடுத்தீர்கள் என்று எழுதிப் பதிவுத் தபாலில் அவருக்கு அனுப்புங்கள். அட்டையின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து வையுங்கள். வக்கீல் நோட்டீஸ் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பாதீர்கள். 15 நாளுக்குள் பதில் போக வேண்டும்.

செல்போன் ஆப்பில் ஏழு நாள் கடன் வாங்கினேன். இப்போது என் படத்தை அசிங்கமாக மாற்றி உறவினர்களுக்கு அனுப்புவதாக மிரட்டுகிறார்கள். (வாசகி, பாலக்காடு சித்தூர்)

முதலில், வெட்கப்பட வேண்டியது நீங்கள் இல்லை. பணம் கட்டி அவர்கள் வாயை அடைக்கலாம் என்று நினைக்காதீர்கள். கட்டக் கட்ட இன்னும் கேட்பார்கள். மிரட்டல்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். "என் பெயரில் இப்படிப் படம் வரலாம், நம்பாதீர்கள்" என்று உறவினர்களிடம் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். அவர்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் உங்கள் பயம்தான்.

ரிசர்வ் வங்கியின் விதிப்படி, கடன் ஆப் உங்கள் போனில் உள்ள நம்பர்களையோ படங்களையோ தொடக் கூடாது. பணம் தருகிற வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பெயரும், எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டியும் முன்கூட்டியே எழுத்தில் வர வேண்டும். இவை இல்லாத ஆப்பை இறக்கவே வேண்டாம்.

மூணாறு எஸ்டேட் லயத்தில் இருக்கிறோம். குழு லோன்காரர்கள் ராத்திரி எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் குழு லோன் போன்ற மைக்ரோ கடன் வசூலுக்கு வரக் கூடாது. வந்தவரின் பெயர், நேரம், நிறுவனத்தின் பெயர் மூன்றையும் எழுதி நிறுவனத்துக்குப் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். செலவில்லை, உதவி எண் 14448. இங்கே மாநில வட்டிச் சட்டத்தைக் காட்டிப் பயனில்லை. ரிசர்வ் வங்கியில் பதிந்த நிதி நிறுவனங்களுக்குக் கேரளச் சட்டம் பொருந்தாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

தண்டல்காரரை விரட்டிவிட்டால் அவசரத்துக்கு எங்களுக்கு யார் தருவார்?

நியாயமான கேள்வி. தடை போட்டால் போதும் என்று பேசுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஆந்திராவில் தற்கொலைகளுக்குப் பிறகு 2010 அக்டோபரில் மைக்ரோ கடன் கம்பெனிகளைக் கட்டுப்படுத்த அவசரச் சட்டம் வந்தது. அடாவடி வசூல் நின்றது. புதுக் கடனும் நின்றுபோனது. ஐந்து ஆண்டில் விஜயவாடாவில் 'கால் மணி' (call money) என்ற பெயரில் தனியார் நடத்திய வட்டிக் கொடுமை வெளியே வந்தது.

அமெரிக்காவில் சம்பளத் தேதி வரைக்கும் தருகிற 'பே டே' கடனில் இதே சண்டை. டெக்சாஸ் மாநிலம் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைக்காததால் டாலஸ் நகரசபை 2011-இல் தானே விதி போட்டது: மாத வருமானத்தில் 20 சதவீதத்துக்கு மேல் கடன் கூடாது, நான்கு தவணைக்கு மேல் இழுக்கக் கூடாது, ஒவ்வொரு தவணையிலும் அசலில் கால் பங்கு குறைய வேண்டும். கடைசி விதி எனக்கு மிகவும் பிடித்தது. வட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு அசலை அப்படியே நிறுத்தி வைப்பதுதானே நம் ஊரிலும் ஆளைக் கொல்கிறது?

மாற்று வழி நம் பாலக்காட்டிலேயே பிறந்தது. 2018-இல் மண்ணார்க்காட்டில் தொடங்கிய 'முற்றத்தே முல்ல' திட்டத்தில் கூட்டுறவு வங்கிப் பணத்தைக் குடும்பஸ்ரீ என்னும் கேரள அரசின் மகளிர் குழுப் பெண்கள் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்து, வாரா வாரம் வசூலிக்கிறார்கள். வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம். தண்டல்காரரைப் போலவே வாசலுக்கு வருகிறார்கள் என்பதுதான் இதன் பலம். உங்கள் வார்டில் இது இல்லையென்றால் கிராம சபையில் எழுந்து கேளுங்கள்.

எனக்கு மலையாளம் எழுதத் தெரியாது. புகாரைத் தமிழில் கொடுக்கலாமா?

தாராளமாக. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்ச் சிறுபான்மையினர் வாழும் பகுதியிலுள்ள மாநில அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதலாம். பதிலும் தமிழில் வர வேண்டும். இரண்டு படி எழுதி, ஒன்றில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.