நான்கு காலும் தடுமாறும் முயல்குட்டி: கோளாறு கழுத்திலா?

கேள்வி: எங்கள் நான்கு மாத முயல் கொஞ்ச நாளாக முன்கால், பின்கால் இரண்டும் பின்னித் தடுமாறுகிறது. தலையை நிமிர்த்தினால் சரிகிறது. எங்கும் விழவில்லை, நன்றாகத் தின்கிறது. கழுத்தில் எண்ணெய் போட்டு உருவச் சொல்கிறார்கள், கால்சியம் சிரப்பும் கொடுக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா? (ஹட்டன் வாசகி)

பதில்: உருவவே கூடாது. சிரப்பும் வேண்டாம். முயலுக்கு மிஞ்சிய கால்சியம் சிறுநீரில்தான் வெளியேறும். அளவு கூடினால் சிறுநீர்ப்பையில் சுண்ணாம்புக் கசடாகத் தங்கிவிடும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்குக் கழுத்தின் மேல்தான் சந்தேகம். நான்கு கால்களுக்கும் போகிற நரம்புப் பாதை கழுத்து வழியாகத்தான் இறங்குகிறது. முன்கால்கள் நன்றாக இருந்து பின்கால்கள் மட்டும் இழுபட்டால் முதுகைப் பார்க்க வேண்டும். சரியாகப் பிடிக்காமல் தூக்கும்போது முயல் உதறி, இடுப்புக்கு மேலே முள்ளெலும்பு முறிவதுதான் அதில் அடிக்கடி நடப்பது.

முயலின் கழுத்தில் ஏழு எலும்புகள். இரண்டாம் எலும்பிலிருந்து பல்போல ஒரு முளை எழுந்து முதல் எலும்பின் வளையத்துக்குள் நிற்கும். தலை பக்கவாட்டில் திரும்புவது அதைச் சுற்றித்தான். கருவிலேயே அந்த முளை சரியாக உருவாகாமல் போகலாம். எலும்புகள் ஒட்டிக்கொள்ளலாம், பாதியாக வளரலாம். அப்போது உள்ளே ஓடும் முதுகுத் தண்டு நசுங்குகிறது. பிறந்தபோது ஒன்றும் தெரியாது. வளர வளர, அல்லது ஒரு சின்னத் துள்ளலுக்குப் பிறகு, தடுமாற்றம் வெளியே வரும்.

ஆனால் பார்த்த மாத்திரத்தில் பிறவிக் குறை என்று முடிவு கட்டிவிட முடியாது. தலை ஒரு பக்கமாகவே சாய்ந்து கண் ஆடினால் காதின் உட்புறத் தொற்றோ, என்செபலிட்டோசூன் என்ற ஒட்டுண்ணியோ இருக்கலாம். அந்த ஒட்டுண்ணிக்கான இரத்தப் பரிசோதனை என்றோ தொற்றியதைத்தான் காட்டும்; நலமான முயல்களிலும் பாசிட்டிவ் வரும். அதை வைத்து எக்ஸ்ரேயை விட்டுவிடாதீர்கள். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். தண்டு நசுங்குவதைப் பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும். உங்கள் ஊர் மிருக வைத்தியரிடம் காட்டிவிட்டு, பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியப் போதனா மருத்துவமனைக்குப் போக முடியுமா என்று கேளுங்கள். என்னென்ன ஸ்கேன் எடுக்கலாம் என்பதையும் முன்கூட்டியே விசாரியுங்கள்.

பேராதனைக்குப் போகும் வழியில் கினிகத்தேனை வளைவுகளில் பெட்டி ஆடும். முயல் புரளாத அளவுக்குச் சின்னப் பெட்டி எடுத்து, இரண்டு பக்கமும் துவாயைச் சுருட்டி வையுங்கள். புல்லும் உள்ளே இருக்கட்டும். முயலைப் பட்டினி போட்டுக் கொண்டுபோகக் கூடாது. அரை நாள் தின்னாமல் கிடந்தாலே அவசரம்தான்.

பிறவிக் குறைதான் என்று தெரிந்தால், அந்த எலும்பை மாற்ற மருந்து இல்லை. ஆட்டம் குறைந்த சிறு கூடு, வைத்தியர் எடை பார்த்துக் கொடுக்கும் வலி மருந்து, இவைதான் முதல் வழி. இத்தனை சின்னக் கழுத்தில் அறுவைச் சிகிச்சை ஆபத்தானது, நான் அவசரப்பட மாட்டேன். உயரத்தில் தொங்கும் தண்ணீர்ப் போத்தலை எடுத்துவிட்டுத் தட்டையான கிண்ணம் வையுங்கள், தலை நிமிர்த்தாமல் குடிக்கட்டும். நம் ஊர் ஈரத்தில் சாக்கு காயாது. நகர முடியாத முயலுக்கு மூத்திரம் பட்டே பின்புறம் புண்ணாகும். விரிப்பை அன்றன்றைக்கே மாற்றுங்கள்.

இதை இனவிருத்திக்கு விடாதீர்கள். இதன் தாய் தகப்பனையும் மறுபடி இணை சேர்க்க வேண்டாம் என்று விற்றவரிடம் சொல்லிவிடுங்கள்.