சத்துவாச்சாரியா, காந்தி நகரா? குடும்பத்தை எங்கே குடிவைப்பது?

கேள்வி: நான் சவுதியில் வேலை செய்கிறேன். மகளின் படிப்புக்காக மனைவி, அம்மா, மகள் மூவரையும் குடியாத்தத்திலிருந்து வேலூருக்குக் குடிமாற்றப் போகிறேன். இரண்டு வாடகை வீடு பார்த்திருக்கிறோம். ஒன்று சத்துவாச்சாரியில், மலையை ஒட்டிய கடைசித் தெருவில் தனி வீடு. இன்னொன்று காட்பாடி காந்தி நகரில் முதல் மாடி, கீழே வீட்டுக்காரர் குடியிருக்கிறார். இணையத்தில் வேலூரின் 'குற்றக் குறியீடு' என்று ஒரு எண்ணைப் பார்த்ததிலிருந்து பயமாக இருக்கிறது. எந்த ஏரியா பாதுகாப்பானது, சார்?

பதில் தருபவர்: ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளர்

முதலில் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். அது போலீஸ் கணக்கு அல்ல. 'ராத்திரி தனியாக நடக்கப் பயமா?' என்பது போன்ற கேள்விகளுக்கு, அந்தத் தளத்துக்கு வந்தவர்கள் தட்டிவிட்ட பதில்களிலிருந்து போட்ட கணக்கு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில்கூட, பெருநகர வரிசையில் தமிழ்நாட்டிலிருந்து சென்னையும் கோவையும்தான் இருக்கும். 20 லட்சம் மக்களைத் தாண்டிய ஊர்களுக்குத்தான் அந்தப் பட்டியல். நமக்குக் கிடைப்பது மாவட்டக் கணக்கு. 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்துபோனதால் பழைய வேலூர் கணக்கையும் இன்றைய கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதும் சரிவராது.

உங்களுக்கு உண்மையிலேயே உதவுவது காவல் நிலையத்தின் எப்.ஐ.ஆர்.தான். 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து, பாலியல் குற்றம் போன்ற வழக்குகள் நீங்கலாக, எப்.ஐ.ஆர்.கள் இணையத்தில் ஏற்றப்படுகின்றன. தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவைப் பக்கத்தில் பார்க்கலாம். வீடு எந்த நிலைய எல்லை என்று முதலில் விசாரியுங்கள். காட்பாடி நிலையமும் விருதம்பட்டு நிலையமும் அடுத்தடுத்த எல்லைகள், தெருவுக்குத் தெரு மாறும். புதிய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்த 2024 ஜூலை 1-க்குப் பிந்தைய வழக்குகளில் 331, 305 என்ற பிரிவுகள் இருந்தால் வீடு புகுந்து திருட்டு. 304 என்றால் செயின், செல்போன் பறிப்பு. அதற்கு முந்தைய வழக்குகளில், பழைய இந்தியத் தண்டனைச் சட்டப்படி, வீடு புகுந்து திருட்டுக்கு 457, 380 என்று தேடுங்கள். சம்பவ இடம், நேரம், வீட்டில் ஆள் இருந்தார்களா என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். புகாரை ஒழுங்காகப் பதிகிற நிலையத்தில் வழக்கு எண்ணிக்கை கூடத்தான் இருக்கும்.

பேப்பரில் பெரிதாக வருவதும் உங்கள் வீட்டுக்கு வரக்கூடியதும் வேறு வேறு. 2021 டிசம்பரில் தோட்டப்பாளையத்தில் நகைக்கடைச் சுவரைத் துளைத்துச் சுமார் 15 கிலோ தங்கம் போனது. ஒடுகத்தூர் சுடுகாட்டில் புதைத்திருந்ததைச் சில நாளிலேயே மீட்டார்கள். ஊரே பேசிய வழக்கு அது. ஆனால் குடியிருப்புத் திருடன் சுவரைத் துளைக்க வருவதில்லை. ஆள் இல்லாத வீட்டைத் தேடித்தான் வருகிறான்.

ஆள் இல்லை என்று அவனுக்கு எப்படித் தெரியும்? விடிந்து வெகுநேரமாகியும் வாசலில் கோலம் இல்லை. பால் பாக்கெட் கிடக்கிறது. கேட்டில் வெளிப்பக்கம் பெரிய பூட்டு தொங்குகிறது. வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு உங்கள் வீட்டார் குடியாத்தம் போகாமல் இருக்க மாட்டார்கள். அந்த இரண்டு மூன்று நாள்தான் உங்கள் வீட்டுக்கு ஆபத்தான நாள். கிளம்பும் முன் நிலையத்தில் தகவல் சொன்னால் ரோந்துக்காரர்கள் அந்த வீட்டையும் பார்த்துப் போவார்கள். சங்கடப்படாமல் சொல்லச் சொல்லுங்கள், இது நமக்கு உரிய சேவை. பக்கத்து வீட்டு அம்மாவிடம் காலையில் ஒரு கோலம் போடச் சொன்னால் அது இன்னும் நல்லது. சாவியை மீட்டர் பெட்டியிலோ செருப்பு ஸ்டாண்டிலோ வைக்க வேண்டாம். திருடன் முதலில் கை விடும் இடங்கள் அவை.

நம் ஊருக்கே உரிய இன்னொன்று. வெயிலூர் என்று சும்மா சொல்லவில்லை. சித்திரையில் புழுக்கம் தாங்காமல் மொட்டை மாடியில் பாய் விரிப்போம். கீழே கதவு திறந்தே இருக்கும், அல்லது மாடிக் கதவைச் சாத்தாமல் கீழே ஜன்னலோரம் தூங்குவோம். காலையில் பீரோ திறந்து கிடக்கும். இப்படி வந்த புகார்களை எழுதி எழுதி எனக்குக் கை சலித்தது உண்டு. மாடிக் கதவுக்கு உட்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா, பாத்ரூம் வென்டிலேட்டருக்குக் கம்பி இருக்கிறதா என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

நகை வங்கி லாக்கரில் இருக்கட்டும். வங்கியின் அலட்சியத்தால் திருட்டுப் போனால், 2022 ஜனவரியிலிருந்து ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரை வங்கி பொறுப்பு. நீங்கள் வெளிநாட்டில் இருப்பதையும் எப்போது பணம் அனுப்புவீர்கள் என்பதையும் புதுத் தெருவில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். 'கஸ்டம்ஸில் பார்சல் பிடிபட்டது' என்று போன் வந்தால் உடனே துண்டிக்க வேண்டும். அது மோசடி. அதற்குள் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

இரவுப் பயணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 2022 மார்ச்சில் காட்பாடியில் சினிமா முடிந்து ஒரு பெண்ணும் அவருடைய நண்பரும் ஷேர் ஆட்டோ என்று நம்பி ஏறினார்கள். உள்ளே பயணிகள் போல உட்கார்ந்திருந்தவர்களே அந்தப் பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்தவர்கள். அந்தப் பெண் மீது துளியும் தவறில்லை. குற்றவாளிகளுக்கு 2025-ல் 20 ஆண்டு சிறை கிடைத்தது. இரவில் ஏற்கெனவே ஆண்கள் உட்கார்ந்திருக்கும் ஆட்டோவைத் தவிர்க்க வேண்டும். மனைவியின் போனில் 'காவல் உதவி' செயலியை இன்றே போட்டு, அதன் சிவப்புப் பொத்தானைக் காட்டிக் கொடுங்கள். போனில் 100 அல்லது 112.

இரண்டு வீட்டில் எது என்றால், நான் காந்தி நகர் முதல் மாடியைத்தான் சொல்வேன். காந்தி நகர் என்பதற்காக அல்ல. கீழே வீட்டுக்காரர் இருப்பதால்தான் சொல்கிறேன். சத்துவாச்சாரியிலேயே வீட்டு வசதி வாரியப் பகுதிக்குள், எதிரும் புதிருமாக ஆள் புழங்கும் தெருவில் கிடைத்தால் அதுவும் அதே அளவு நல்லது. மலையோரக் கடைசி வீட்டுக்குப் பின்னால் குரல் கேட்க யாரும் இல்லை. மூன்று பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு அது சரிப்படாது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் மனைவியும் அவருடைய அண்ணன் தம்பி யாராவது ஒருவரும் மூன்று முறை அந்தத் தெருவுக்குப் போய்வரட்டும். அதிகாலை ஐந்தரைக்கு ஒரு தரம், மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு தரம், ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு தரம். தெருவிளக்கு எரிகிறதா, மதியத்தில் எத்தனை வாசல் திறந்திருக்கிறது, மூலைக் கடைக்காரர் 'யாரைத் தேடுறீங்கம்மா?' என்று கேட்கிறாரா என்று கவனிக்கட்டும். கேட்டால் தயங்காமல் வீட்டைப் பிடித்துவிடுங்கள்.