அகதா கிறிஸ்டியின் 'என் ஆர் எம்?' உளவு நாவலை நேரடியாக வாசிக்கலாமா, முந்தைய புத்தகங்களைப் படித்திருக்க வேண்டுமா?

நேரடியாகவே வாசிக்கலாம். டாமி, டப்பென்ஸ் தம்பதி வரும் ஐந்து புத்தகங்களில் இது மூன்றாவது. 1922-ல் வந்த 'தி சீக்ரெட் அட்வர்சரி'யும் 1929-ன் சிறுகதைத் தொகுப்பும் இதற்கு முந்தியவை. அவற்றிலிருந்து தெரிய வேண்டியது ஒன்றுதான்: இருவரும் இளவயதில் பிரிட்டிஷ் உளவுத்துறைக்காக வேலை பார்த்தவர்கள். ஆனால் பின்னால் வந்த இரண்டையும் (1968, 1973) இதற்கு முன் தொடாதீர்கள். இந்தக் கதையின் முடிவை ஒட்டிய ஒரு விவரம் போகிற போக்கில் வெளியே வந்துவிடும்.

முதலில் மனதில் வாங்க வேண்டியது ஆண்டு. நாவல் வெளியானது 1941. கதை நடப்பது 1940 வசந்தத்தில். ஏப்ரலில் ஜெர்மனி நார்வேக்குள் புகுந்தது, மே கடைசியில் பிரிட்டிஷ் படைகள் பிரான்ஸின் டன்கிர்க் கரையிலிருந்து தப்பி வந்தன. அடுத்தது இங்கிலாந்துதான் என்ற பயத்தோடு, 'உள்ளேயே ஐந்தாம்படை இருக்கிறது' என்ற சந்தேகமும் ஊரெங்கும் இருந்தது. போருக்குப் பிறகு பார்த்தால் அப்படிப்பட்ட பெரிய வலைப்பின்னல் எதுவும் இருக்கவில்லை. வந்திறங்கிய ஜெர்மன் உளவாளிகளை பிரிட்டனின் உள்நாட்டு உளவுத்துறையான எம்.ஐ.5 பிடித்து, பலரைத் தன் பக்கமே திருப்பிக்கொண்டது. ஆகவே இதை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அந்த மாதங்களின் பீதியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் அகதி கார்ல் ஃபான் டெய்னிம் மீது எல்லோர் கண்ணும் விழுவது ஏன் என்பது அப்போது புரியும்.

பலர் சலித்துப்போவது வேறு காரணத்தால். உளவு நாவல் என்றதும் தலைநகரங்கள், துரத்தல்கள் என்று எதிர்பார்க்கிறார்கள். இங்கே இருப்பது லீஹாம்ப்டன் என்ற கடலோர ஊரில் 'சான் சூசி' என்ற தங்கும் விடுதி, அதில் ஏழெட்டு விருந்தாளிகள். அவர்களுக்குள் ஒளிந்திருக்கும் உளவாளியைக் கண்டுபிடிக்க வேண்டும். அதாவது உளவுச் சட்டை போட்ட துப்பறியும் நாவல். டப்பென்ஸ் பயன்படுத்தும் கருவியைப் பாருங்கள்: தன் கடிதத்தை யாராவது பிரிக்கிறார்களா என்று அறிய, மடிப்புக்குள் ஒரு கண்ணிமை முடியை வைக்கிறாள். கிறிஸ்டியின் பலமே இந்த அளவிலான வேலைதான்.

தொடக்கத்தில் பெயர்கள் குழப்பும். ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: விடுதிக்காரி மிஸஸ் பெரென்னா, மகள் ஷீலா, மேஜர் பிளெட்ச்லி, மிஸ் மின்டன், மிஸஸ் ஓ'ரூர்க், கேய்லி தம்பதி, பெட்டி என்ற குழந்தையோடு மிஸஸ் ஸ்ப்ராட், வெளியே கமாண்டர் ஹேடாக். போரைப் பற்றி யார் என்ன பேசினார்கள் என்பதைவிட, நெருக்கடியில் யார் என்ன செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். நடுவில் வரும் கடத்தல் கட்டத்தை வேகமாகத் தாண்டிவிடாதீர்கள். இதற்கு மேல் சொன்னால் குட்டு உடைந்துவிடும்.

மேஜர் பிளெட்ச்லி என்ற பெயரால் கிறிஸ்டியின் மேல் எம்.ஐ.5-க்குச் சந்தேகம் வந்தது என்று சொல்வார்களே, அது உண்மைதான். ஜெர்மன் ரகசியக் குறியீடுகளை உடைத்துக்கொண்டிருந்த பிளெட்ச்லி பார்க் பற்றி வெளியே மூச்சுவிடாத காலம் அது. அங்கே வேலை பார்த்த டில்லி நாக்ஸ் கிறிஸ்டியின் நண்பர். நயமாகக் கேட்டுப் பார்க்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. கிறிஸ்டி சொன்ன பதில் இது: ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து லண்டன் போகும் வழியில் பிளெட்ச்லி ஸ்டேஷனில் ரயில் மாட்டிக்கொண்டதாம். அந்த எரிச்சலில், தனக்குப் பிடிக்காத ஒரு பாத்திரத்துக்கு அந்தப் பெயரை வைத்துப் பழிதீர்த்துக்கொண்டாராம். அறுவை மேஜரை வாசிக்கும்போது இந்தப் பதிலை நம்பலாம் என்றுதான் தோன்றும்.

2015-ன் பிபிசி தொடரை முதலில் பார்த்துவிடாதீர்கள். கதையை 1950-களின் பனிப்போருக்கு மாற்றிவிட்டார்கள். 1940-ன் பயம் போனால் இந்தக் கதையில் பாதி போச்சு. பிடித்திருந்தால் அடுத்து 'தே கேம் டு பாக்தாத்' (1951). 'பாசஞ்சர் டு ஃபிராங்க்ஃபர்ட்' (1970) கடைசியில், அதுவும் பொறுமை இருந்தால்.