கான்கார்ட் புகை ஓசோனை கூட்டுமா, குறைக்குமா?

தம்பி, சாதா ஜெட் விடுற நைட்ரஜன் ஆக்சைடு ஓசோனை கூட்டும், ஒலியை விட வேகமா பறந்த கான்கார்ட் பயணி விமானம் விட்டா குறையும்னு ரெண்டு புக்ல மாத்தி மாத்தி இருக்கு, செமினாருக்கு எதை எழுதன்னு கேட்டீங்கல்ல, ரெண்டுமே கரெக்ட்தான், எல்லாம் உயரம் பண்ற வேலை. 10-12 கிமீல வெயில் பட்டு அது ஓசோனை உண்டாக்கும். கான்கார்ட் போன 18 கிமீ பக்கம், நைட்ரிக் ஆக்சைடு (நைட்ரஜன் ஆக்சைடுல ஒரு வகை) ஓசோன்கிட்ட ஒரு ஆக்சிஜனை புடுங்கி, அதை தனியா சுத்துற இன்னொரு ஆக்சிஜன் அணுகிட்ட தள்ளிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி பழையபடி வந்து அடுத்த ஓசோனுக்கு ரெடியா நிக்கும். கழுவி விட அங்க மழையும் கிடையாது. 1971ல வேதியியல் விஞ்ஞானி ஹரால்ட் ஜான்ஸ்டன் பயந்தது இந்த மாதிரி நூத்துக்கணக்கான சூப்பர்சானிக் விமானம் பறந்தா என்னாகும்னு, ஆனா சர்வீஸ்ல ஓடுனது வெறும் 14 கான்கார்ட். அதனால அண்டார்டிகா ஓசோன் ஓட்டையை கான்கார்ட் தலையில கட்டிராதீங்க, அது பழைய ஃப்ரிட்ஜ், ஸ்ப்ரேல இருந்த சிஎஃப்சி வாயுவோட வேலை.